கார்போனிலை ஒடுக்கும் நொதிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உடலுக்குள் செல்லும் மருந்துகளைக் கல்லீரல் எவ்வாறு மாற்றுகிறது என்று சென்ற இதழில் எழுதியபோது, கார்போனில் தொகுதியை ஒடுக்கும் நொதிகளைப் பற்றி ஒரே ஒரு பத்தியில் சொல்லி நிறுத்தியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்தியைப் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம். தமக்கோ தம் வீட்டாருக்கோ மருந்தின் அளவை மாற்றலாமா என்று கேட்டவர்கள், சிகிச்சை தரும் மருத்துவரிடமே அதைக் கேட்க வேண்டும்.

எங்கள் பாடநூலில் மருந்துகளின் வளர்சிதை மாற்றம் என்றாலே, ஆக்சிஜனேற்றம் செய்யும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒடுக்கத்துக்கு அரைப் பக்கம்தான். அதன் முக்கியத்துவம் அவ்வளவுதானா? (மருந்தியல் மாணவி, மதுரை)

அரைப் பக்கம் போதாது என்பதே எம் கருத்து. கார்பன் அணுவோடு ஆக்சிஜன் அணு இரட்டைப் பிணைப்பில் சேர்ந்திருப்பதுதான் கார்போனில் தொகுதி. ஆல்டிஹைடுகளிலும் கீட்டோன்களிலும் அது இருக்கிறது. சர்க்கரைகள், ஸ்டீராய்டு ஹார்மோன்கள், புரோஸ்டாகிளாண்டின்கள், கொழுப்பு சிதையும்போது உருவாகும் துணுக்குகள், நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல என எங்கும் அதைக் காணலாம். இந்தத் தொகுதியில் ஹைட்ரஜனைச் சேர்த்து அதை ஆல்கஹாலாக மாற்றுவதே நீங்கள் கேட்கும் நொதிகளின் வேலை.

பாலூட்டிகளின் திசுக்களில் இந்த வேலையைச் செய்பவை பெரும்பாலும் இரண்டு பெருங்குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று ஆல்டோ-கீட்டோ ரிடக்டேஸ் குடும்பம். ஆல்டோஸ் ரிடக்டேஸும் ஆல்டிஹைடு ரிடக்டேஸும் இதில் அடங்கும். மற்றொன்று குறுஞ்சங்கிலி டீஹைட்ரஜனேஸ் குடும்பம். கார்போனில் ரிடக்டேஸ் 1, கார்போனில் ரிடக்டேஸ் 3 ஆகியவையும் ஸ்டீராய்டுகளைக் கையாளும் பல நொதிகளும் இதில் வருகின்றன. இரண்டு குடும்பங்களுக்கும் புரத மடிப்பில் ஒற்றுமை கிடையாது. முதலாவது, எட்டு பட்டைகள் வட்டமாக நின்று பீப்பாய் போல வளைந்த அமைப்பு. இரண்டாவது, நடுவே பட்டைகள் தட்டாகப் பரவி இருபுறமும் சுருள்கள் அமைந்த அமைப்பு. ஆயினும் இரண்டிலும் என்.ஏ.டி.பி.எச். என்னும் துணைநொதி ஒரு ஹைட்ரைடை (இரண்டு எலக்ட்ரான்களோடு கூடிய ஹைட்ரஜனை) கார்போனிலின் கார்பனுக்குத் தருகிறது. அருகில் நிற்கும் டைரோசின் அமினோ அமிலம் ஆக்சிஜனுக்கு ஒரு புரோட்டானைத் தருகிறது. அந்த டைரோசினுக்குத் துணையாக ஒரு லைசின் நிற்கிறது. துணைநொதியின் ஒரு முகத்திலிருந்து ஹைட்ரைடை எடுப்பது ஒரு குடும்பம் என்றால், எதிர் முகத்திலிருந்து எடுப்பது மற்றொன்று. பரிணாமத்தில் வெவ்வேறு வழிகளில் வந்த இரு புரதங்கள் ஒரே வேதித் தந்திரத்தை அடைந்திருப்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடாமல், முப்பரிமாணப் படங்களை அருகருகே வைத்து ஒருமுறை பாருங்கள்.

உங்கள் பாடநூல் சொல்லாமல் விடும் இன்னொன்று, இடத்தைப் பற்றியது. சைட்டோகுரோம்கள் சவ்வில் பதிந்திருப்பவை. கார்போனிலை ஒடுக்கும் நொதிகளில் பல செல்லின் திரவப் பகுதியில் மிதப்பவை. எனவே கல்லீரலின் மைக்ரோசோம்கள் எனப்படும் சவ்வுத் துணுக்குகளை மட்டும் பிரித்தெடுத்து ஒரு மருந்தைச் சோதித்தால், அதன் ஒடுக்கத்தில் பெரும்பகுதி ஆய்வாளரின் கண்ணில் படாமலே போய்விடும். இந்த நொதிகள் நீண்ட காலம் ஒதுக்கப்பட்டதற்கு இந்தச் சோதனை முறைக்கும் பங்குண்டு என்று நினைக்கிறோம்.

என் தாயாருக்கு நீரிழிவு. இப்போது கண்புரையும் வந்துவிட்டது. சார்பிட்டால் என்ற பொருள் கண்ணில் சேர்வதே காரணம் என்று படித்தேன். அப்படியானால் சார்பிட்டால் கலந்த 'சர்க்கரை இல்லாத' இனிப்புகளை நிறுத்திவிட வேண்டுமா? அந்த நொதியைத் தடுக்க மருந்து இல்லையா? (வாசகர், திருநெல்வேலி)

முதற்கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இனிப்பில் உள்ள சார்பிட்டால் குடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை; உறிஞ்சப்படும் பகுதியையும் கல்லீரல் ஃப்ரக்டோஸாக மாற்றிவிடுகிறது. கண்ணின் லென்ஸில் சேரும் சார்பிட்டால் வெளியிலிருந்து வந்ததன்று, அங்கேயே உற்பத்தியாவது. அத்தகைய இனிப்புகளை அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றுப்போக்கு வரும். கண்புரைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

லென்ஸுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை. ஆகவே ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் லென்ஸிலும் ஏறும். சாதாரண அளவில் அந்தக் குளுக்கோஸைப் பெரும்பாலும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி எடுத்துக்கொள்கிறது. ஆல்டோஸ் ரிடக்டேஸுக்குக் குளுக்கோஸின் மீது ஈர்ப்பு மிகக் குறைவு. ஹெக்சோகைனேஸ் நிறைந்து வழியும் நிலை வந்த பிறகே அதன் பங்கு உயர்கிறது. அப்போது அது குளுக்கோஸின் ஆல்டிஹைடு முனையை ஒடுக்கிச் சார்பிட்டாலாக்குகிறது. சார்பிட்டால் செல்சவ்வை எளிதில் கடக்காது. உள்ளே தங்கி நீரை இழுக்கிறது. லென்ஸின் நார்கள் வீங்கி, வெற்றிடங்கள் தோன்றி, ஒளி சிதறத் தொடங்குகிறது. நீரிழிவு ஏற்படுத்தப்பட்ட எலிகளின் லென்ஸில் சார்பிட்டால் சேர்வதை ரூத் வான் ஹெய்னிங்கன் 1959-இல் கண்டறிந்தார். அதன் பிறகு ஜின் கினோஷிட்டாவின் குழுவினர் இந்த நீரிழுப்பு விளக்கத்தை விரிவாக்கினர். பிறவியிலேயே கேலக்டோஸைச் செரிக்க இயலாத குழந்தைகளுக்குக் கண்புரை வருவதும் இதே வழியில்தான். அவர்களிடம் இந்த நொதி கேலக்டோஸைக் கேலக்டிட்டாலாக்குகிறது, அதை மேற்கொண்டு சிதைக்க வழியில்லாததால் தேக்கம் இன்னும் கடுமையாக இருக்கிறது.

இந்த விளக்கத்துக்கு விலங்குகளே நல்ல சாட்சி. சுண்டெலியின் லென்ஸில் ஆல்டோஸ் ரிடக்டேஸ் மிகக் குறைவு. அதனால் நீரிழிவு வந்த சுண்டெலிக்கு எளிதில் கண்புரை வருவதில்லை. அந்த நொதியை மரபணு மாற்றத்தால் அதன் லென்ஸில் கூட்டினால் வந்துவிடுகிறது. நாய்களின் நிலை இதற்கு நேர்மாறானது. நீரிழிவு கண்ட நாய்களுக்குக் கண்புரை மிக விரைவாக வரும் என்பது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. மனித லென்ஸில் சார்பிட்டால் அவ்வளவு சேர்வதில்லை. அங்கே நீரிழுப்பைவிட, இந்த நொதி என்.ஏ.டி.பி.எச்.-ஐச் செலவழித்துவிடுவதால் செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளை மீட்டெடுக்கும் திறன் குறைந்து, ஆக்சிஜன் விளைவிக்கும் சேதம் கூடுவதே முக்கியம் என்று கருதுவோர் பலர். எமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மருந்துகள் பல முயன்று பார்க்கப்பட்டன. சார்பினில் கடுமையான ஒவ்வாமையைத் தந்தது. டோல்ரெஸ்டாட் சில நாடுகளில் விற்பனைக்கு வந்து, கல்லீரலைத் தாக்கியதால் 1990-களின் பிற்பகுதியில் திரும்பப் பெறப்பட்டது. எபால்ரெஸ்டாட் 1992-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது; இந்தியாவிலும் கிடைக்கிறது. ஆனால் அது நீரிழிவினால் வரும் நரம்புப் பாதிப்புக்குத் தரப்படுவது. கண்புரையைக் கரைக்கும் மருந்தன்று. உங்கள் தாயாருக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும், உரிய காலத்தில் அறுவை சிகிச்சையுமே வழி.

இந்த நொதியை முழுமையாகத் தடுப்பது நல்லதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். குளுக்கோஸைவிடப் பன்மடங்கு குறைந்த செறிவிலேயே, கொழுப்பு சிதையும்போது உண்டாகும் 4-ஹைட்ராக்சிநோனெனால் போன்ற நச்சு ஆல்டிஹைடுகளை அது பிடித்து ஒடுக்குகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்புச் செறிவு மிக அதிகம். அங்குள்ள செல்கள் சுருங்கிப் போகாமலிருக்க, இதே நொதி வேண்டுமென்றே சார்பிட்டாலைச் சேர்த்து வைக்கிறது. ஆண்களின் விந்துப் பையில் ஃப்ரக்டோஸ் உருவாவதும் இதன் வழியாகத்தான். 1956-இல் பெல்ஜிய அறிஞர் ஹெர்ஸ் இந்த நொதியை முதலில் விவரித்தது செம்மறி ஆட்டின் விந்துப் பையை ஆராய்ந்தபோதுதான். லென்ஸில் பழி சுமக்கும் நொதி, சிறுநீரகத்தில் காவலுக்கு நிற்கிறது.

என் மகனுக்கு வலிப்பு நோய். கார்பமஸெபைனை நிறுத்தி ஆக்ஸ்கார்பஸெபைன் எழுதியிருக்கிறார்கள். பெயர் ஏறக்குறைய ஒன்றுதானே, என்ன வேறுபாடு? (வாசகி, கோயம்புத்தூர்)

மூலக்கூறில் ஒரே ஒரு கீட்டோன் தொகுதி கூடியிருப்பதுதான் வேறுபாடு. ஆனால் அதன் விளைவு பெரிது. கார்பமஸெபைனைச் சைட்டோகுரோம்கள் ஆக்சிஜனேற்றம் செய்து ஒரு எபாக்சைடாக மாற்றுகின்றன. பக்கவிளைவுகள் சிலவற்றில் அந்த எபாக்சைடுக்கும் பங்குண்டு. மேலும் அந்த மருந்து தன்னையே சிதைக்கும் நொதிகளைத் தூண்டி வளர்ப்பதால், சில வாரங்களில் ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும்; உடன் உட்கொள்ளும் பிற மருந்துகளும் சேர்ந்து சிதையும்.

ஆக்ஸ்கார்பஸெபைனில் உள்ள கீட்டோனை, கல்லீரல் செல்லின் திரவப் பகுதியில் இருக்கும் ஒடுக்கும் நொதிகள் விரைவாக ஆல்கஹாலாக்கிவிடுகின்றன. வலிப்பைக் கட்டுப்படுத்தும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அந்த ஆல்கஹால்தான். தாய் மருந்து ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும்போது, அது 9 மணி நேரம் வரை நிற்கிறது. எபாக்சைடு உருவாவதில்லை, சைட்டோகுரோம்களைத் தூண்டுவதும் குறைவு. ஆனாலும் தூண்டுதல் அறவே இல்லை என்று எண்ண வேண்டாம். கருத்தடை மாத்திரைகளின் பலனை இம்மருந்து குறைக்கக்கூடும். ரத்தத்தில் சோடியம் இறங்குவது கார்பமஸெபைனைவிட இதில் அடிக்கடி நேர்கிறது என்பதால், மகனுக்குக் குழப்பமோ அதிகச் சோர்வோ தெரிந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

என் அக்காள் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் குணமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இன்னமும் ஆண்டுதோறும் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். இதயத்துக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? (வாசகி, திருச்சி)

தொடர்பு நோயோடு இல்லை, மருந்தோடு. டானோரூபிசின், டாக்சோரூபிசின் ஆகிய சிவப்பு நிற மருந்துகள் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முக்கியமானவை. அவை இதயத் தசையைப் பாதிக்கக்கூடியவை. பாதிப்பு, சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் வெளிப்படலாம். வாழ்நாளில் ஏறிய மொத்த அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும்; டாக்சோரூபிசினில் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து செங்குத்தாக ஏறுகிறது. ஆகவேதான் ஒவ்வொரு முறை தந்த அளவையும் கூட்டிக் கூட்டி எழுதி வைக்கிறார்கள். அந்தக் கணக்குத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பெரியவளான பிறகு எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அது தேவைப்படும்.

இங்கே நம் நொதிகள் எப்படி வருகின்றன? இந்த மருந்துகளின் பக்கச்சங்கிலியில் ஒரு கீட்டோன் இருக்கிறது. கார்போனில் ரிடக்டேஸ் 1 முதலிய நொதிகள் அதை ஒடுக்கி, டாக்சோரூபிசினை டாக்சோரூபிசினால் என்ற ஆல்கஹாலாக மாற்றுகின்றன. புற்றுச் செல்லைக் கொல்லும் ஆற்றல் இந்த ஆல்கஹாலுக்கு மிகவும் குறைவு; ஆனால் இதயத் தசைச் செல்களில் கால்சியத்தை உள்ளிழுத்துச் சேமிக்கும் பம்புகளைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு அதிகம். அதாவது, ஒரே வினையில் மருந்தின் நன்மை குறைந்து தீமை வளர்கிறது. கார்போனில் ரிடக்டேஸ் 1-இன் மரபணுப் பிரதி ஒன்றை இழந்த சுண்டெலிகளுக்கு டாக்சோரூபிசின் தந்தபோது, அவற்றின் இதயம் மற்றவற்றைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டது. மனிதரில் இந்த மரபணு இருப்பது 21-ஆம் குரோமோசோமில். அந்தக் குரோமோசோம் மூன்றாக அமைந்த டவுன் நோய்க்குறிக் குழந்தைகளுக்கு இம்மருந்துகளால் இதயப் பாதிப்பு கூடுதலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

இதய நலிவு முழுவதையும் இந்த ஆல்கஹாலின் தலையில் கட்டிவிட முடியாது. இதயச் செல்களில் உள்ள டோப்போஐசோமெரேஸ் 2 பீட்டா என்னும் நொதியோடு மருந்து சேர்ந்து டி.என்.ஏ.-வை உடைப்பதும், இரும்போடு சேர்ந்து செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்களை) உண்டாக்குவதும் உண்டு. புற்றுக்கட்டிகளிலோ கதை இன்னும் சிக்கலானது: சில கட்டிகள் ஆல்டோ-கீட்டோ ரிடக்டேஸ்களை மிகுதியாக உற்பத்தி செய்து, வந்த மருந்தை ஒடுக்கி, வீரியமற்றதாக்கித் தப்பித்துக்கொள்கின்றன. ஐடாரூபிசின் என்ற உறவு மருந்து மட்டும் விலக்கு. அதன் ஆல்கஹாலும் தாய் மருந்தைப் போலவே புற்றுச் செல்லைத் தாக்கும்.

மூட்டுவலிக்குக் கார்டிசோன் மாத்திரை பலன் தரும் என்கிறார்கள்; தோலுக்கு மட்டும் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு. ஏன் இரண்டு பெயர்கள்? அதிமதுரம் ஸ்டீராய்டு போல வேலை செய்யும் என்பது உண்மையா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்)

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து மேயோ கிளினிக்கில் 1948 செப்டம்பரில், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஒரு பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் கார்டிசோனைச் செலுத்தினார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். ஹென்ச், கெண்டால், ரெய்க்ஸ்டைன் ஆகியோருக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. வியப்பு என்னவென்றால், கார்டிசோன் தன்னளவில் வேலை செய்யாத பொருள். அதன் 11-ஆம் கார்பனில் உள்ள கீட்டோனைக் கல்லீரலில் 11-பீட்டா ஹைட்ராக்சிஸ்டீராய்டு டீஹைட்ரஜனேஸ் 1 ஒடுக்கிக் கார்டிசாலாக மாற்றிய பிறகே பலன். கார்டிசாலின் மருந்துப் பெயர்தான் ஹைட்ரோகார்டிசோன். வாய்வழி உண்டால் கல்லீரல் மாற்றிக் கொடுக்கும். தோலில் தடவினாலோ மூட்டுக்குள் ஊசியாகச் செலுத்தினாலோ அந்த மாற்றம் போதிய அளவு நடக்காது என்பதால் அங்கே ஆயத்தமான ஆல்கஹால் வடிவம் வேண்டும். பிரெட்னிசோன், பிரெட்னிசோலோன் ஆகியவற்றுக்கும் இதே உறவுதான்.

அதிமதுரத்துக்கு வருவோம். சிறுநீரகத்தில் இதன் இணை நொதியான இரண்டாம் வகை, எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கார்டிசாலைக் கார்டிசோனாக்கி அடக்கிவைக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் கார்டிசால், உப்பைத் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டீரோனுக்கு உரிய ஏற்பியில் ஏறி அமர்ந்து உப்பைத் தேக்கும். அதிமதுரத்திலுள்ள கிளைசிரைசின், குடலில் கிளைசிரெட்டினிக் அமிலமாக மாறி, இந்த இரண்டாம் நொதியைத் தடுக்கிறது. விளைவு: கால் வீக்கம், ரத்த அழுத்த உயர்வு, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. தொண்டைக்கட்டுக்கு ஒரு துண்டு வேரை மெல்லுவதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தினமும் வாரக்கணக்கில் சூரணமாக உண்பவர்கள், அதிலும் உயர் ரத்த அழுத்தமுள்ளவர்களும் சிறுநீர் பெருக்கி மாத்திரை உண்பவர்களும், 'மூலிகைதானே' என்று விட்டுவிடுவது தவறு.

சர்க்கரை மிக ஏறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட என் கணவருக்குச் சிகிச்சை தொடங்கி உடல் தேறிய பின், சிறுநீரில் கீட்டோன் பட்டையின் நிறம் முன்னைவிட ஆழ்ந்தது. மருந்து வேலை செய்யவில்லையோ என்று பயந்துவிட்டோம். (வாசகி, வேலூர்)

பயப்பட்டதில் வியப்பில்லை; மருந்து வேலை செய்ததற்கு அதுவே அடையாளமாகவும் இருக்கலாம். கீட்டோன் பொருள்களில் கல்லீரல் முதலில் அசிட்டோஅசிட்டேட்டை உருவாக்குகிறது. அதன் கீட்டோன் தொகுதியை மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி ஒடுக்கி பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டாக மாற்றுகிறது. இந்த நொதியும் மேலே சொன்ன குறுஞ்சங்கிலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே, ஆனால் பயன்படுத்துவது என்.ஏ.டி.பி.எச்.-இன் உறவுத் துணைநொதியான என்.ஏ.டி.எச்.-ஐ. நோய் முற்றியபோது என்.ஏ.டி.எச். மிகுந்து, சமநிலை பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் பக்கம் சாய்கிறது. சிறுநீர்ப் பட்டையில் உள்ள நைட்ரோபுருசைடு என்ற வேதிப்பொருள் அசிட்டோஅசிட்டேட்டோடு சேர்ந்துதான் ஊதா நிறம் தரும். மற்றதை அது காணாது. இன்சுலினும் நீரும் ஏறியதும் பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் மீண்டும் அசிட்டோஅசிட்டேட்டாக மாறுகிறது, பட்டை கறுக்கிறது. ரத்தத்தில் பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டை நேரடியாக அளக்கும் கருவிகள் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கின்றன.

இந்த நொதிகளைக் கூட்டி 'உடலின் நச்சை நீக்கும்' சாறுகளை விளம்பரப்படுத்துகிறார்களே? (பலர்)

வாங்க வேண்டாம். புகையிலையில் உள்ள என்.என்.கே. என்ற புற்றுநோய்ப் பொருளைக் கார்போனிலை ஒடுக்கும் நொதிகள் என்.என்.ஏ.எல். என்ற ஆல்கஹாலாக்குகின்றன. அதை உடல் மற்றொரு மூலக்கூறோடு இணைத்துச் சிறுநீரில் வெளியேற்ற முடிகிறது. ஆனால் இணைக்கப்படாத என்.என்.ஏ.எல்.-உம் புற்றுநோயை விளைவிப்பதே. இதில் எந்த நொதியைக் கூட்டினால் 'நீக்கம்' என்று விளம்பரதாரரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆடு மாடுகளுக்கு யாரும் எலுமிச்சை கொடுப்பதில்லை. அவற்றுக்கு ஏன் ஸ்கர்வி வருவதில்லை? (பத்தாம் வகுப்பு மாணவர், தேனி)

நல்ல கேள்வி, அதுவும் இந்தப் பக்கத்துக்கே உரிய கேள்வி. ஸ்கர்வி வைட்டமின் சி குறைவால் வருவது; ஆடும் மாடும் தம் கல்லீரலில் குளுக்கோஸிலிருந்து அந்த வைட்டமினைத் தாமே செய்துகொள்கின்றன. வழியில் குளுக்குரோனிக் அமிலத்தின் ஆல்டிஹைடு முனையை ஆல்டிஹைடு ரிடக்டேஸ் ஒடுக்கிக் குலோனிக் அமிலமாக்குகிறது. இந்த நொதி நீக்கப்பட்ட சுண்டெலிகளில் வைட்டமின் சி பெருமளவு குறைந்துவிடுகிறது. மனிதரிடமும் ஆல்டிஹைடு ரிடக்டேஸ் நன்றாகவே இருக்கிறது. நம்மிடம் பழுதாகியிருப்பது கடைசிப் படியைச் செய்யும் வேறொரு நொதியின் மரபணு. குரங்குகளும் கினிப் பன்றியும் இவ்வகையில் நம் கூட்டாளிகள்.

பிறவியிலேயே இத்தகைய நொதி ஒன்று இல்லாதவர்கள் இருக்கிறார்களா? (வாசகர், சேலம்)

இருக்கிறார்கள், மேற்சொன்ன பாதையின் தொடர்ச்சியிலேயே. மனிதரில் குலோனிக் அமிலம் வைட்டமின் சி ஆக முடியாமல் எல்-சைலுலோஸ் என்ற சர்க்கரையாகிறது. அதன் கீட்டோனை எல்-சைலுலோஸ் ரிடக்டேஸ் ஒடுக்கி சைலிட்டாலாக்க வேண்டும். இந்த நொதி இல்லாதவர்களின் சிறுநீரில் நாளொன்றுக்கு 1 முதல் 4 கிராம் வரை எல்-சைலுலோஸ் வெளியேறும். பென்டோசூரியா என்ற இந்த நிலையை, 1908-இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஆர்ச்சிபால்ட் காரட் பிறவி வளர்சிதைக் குறைகள் நான்கில் ஒன்றாக எடுத்துக்காட்டினார். பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பிய யூத வம்சாவளியினரிடம் காணப்படுவது இது. காரணமான மரபணு மாற்றங்கள் 2011-இல்தான் கண்டறியப்பட்டன.

இந்தக் குறையால் அவர்களுக்கு எந்த நோயும் வருவதில்லை. தொல்லை வந்தது பரிசோதனையால்தான். சர்க்கரையைச் சோதிக்கும் பெனிடிக்ட் கரைசலோடு சிறுநீரைச் சேர்த்தால் எல்-சைலுலோஸும் குளுக்கோஸைப் போலவே செம்படிவம் தரும். அதனால் நலமாக இருந்தவர்களுக்கு நீரிழிவு என்று முத்திரை குத்திப் பத்தியம் விதித்தார்கள், சிலருக்கு இன்சுலினும் ஏற்றினார்கள். இன்றைய பட்டைகளில் உள்ள நொதி குளுக்கோஸை மட்டுமே காண்பதால், இத்தகையவர்கள் இப்போது எந்தப் பரிசோதனையிலும் சிக்காமல் போய்விடுகிறார்கள்.